முக்காட்டுத் தோட்டம்

பஞ்சம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும் என்று அவள் புருஷன் ராக்கப்பன் சொல்வான். அந்தக் கோடை முழுக்க அவள் மூக்கு சிவந்தபடியேதான் இருந்தது. அதற்குக் காரணம் ஒரு சொல்.

திருத்தங்கல் சந்தைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனால், எதிரே வருகிறவள் கேட்பாள்: "என்ன பஞ்சம்மா, முக்காட்டுத் தோட்டத்துப் பழமா?"

கேட்டவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரே அப்படித்தான் சொன்னது. ஊர் வாயில் அந்தப் பேரைப் போட்டுவிட்ட மனுஷரைத்தான் பஞ்சம்மாள் மனசுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் ராக்கப்பனின் அண்ணன், நல்லசிவம்.

மாமனார் செத்த பிறகு தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே நல்லசிவத்துக்கு, தெற்கே ராக்கப்பனுக்கு. கிணற்றைப் பிரிக்க முடியாதே, அதனால் முறை வைத்தார்கள். ஒருநாள் அண்ணன் இறைக்க வேண்டும், மறுநாள் தம்பி. பம்புசெட் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். கமலையில் மாட்டைக் கட்டி, சால் சாலாக மேலே இழுத்தால்தான் தண்ணீர். ராக்கப்பன் சிவகாசியில் தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் தலை தெரியும். ஆகவே கமலை ஓட்டியது பஞ்சம்மாள். பொம்பளை கமலை ஓட்டுவதைப் பார்த்து ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. அவள் சிரிக்கிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல் மாட்டைப் பின்னுக்கு நடத்தினாள்.

நயா பைசா வந்து, பழைய அணாவா புதுக் காசா என்று சந்தைக்குச் சந்தை வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். அந்தத் தை மாதம் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே நாற்றங்காலிலிருந்து சீமைத்தக்காளி நாற்றைப் பிடுங்கி நட்டார்கள். நாற்று ஒன்று, கிணறு ஒன்று, வெயிலும் ஒன்றுதான். மாசி பிறப்பதற்குள் கரிசல் மண் வாய் பிளக்க ஆரம்பித்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரை போயிற்று. வேர் அறுந்து செடி மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டது.

அப்போதுதான் பஞ்சம்மாள் ஒருநாள் புருஷனுக்குச் சோறு கொண்டு சிவகாசிக்குப் போனாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்புறம் குச்சி சீவிய மரச் சீவலைக் குவித்து வைத்திருந்தார்கள். மருந்து தொடாத வெறும் சீவல். அந்தக் குவியலின் ஓரத்தில், யாரோ தின்று துப்பிய விதையில் ஒரு தக்காளிச் செடி முளைத்து நின்றது. அதற்குத் தண்ணீர் ஊற்ற நாதியில்லை. ஆனாலும் கருகருவென்று தழைத்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்திருந்தது. பஞ்சம்மாள் குனிந்து சீவலை விலக்கிப் பார்த்தாள். அடியில் மண் சில்லென்று இருந்தது.

"உச்சி வெயில்ல அங்கன என்னத்தத் தோண்டுத?" என்றான் ராக்கப்பன்.

"ஒங்க ஆபீசு குப்பைக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமப் போச்சேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள்.

சீவலை அடுப்புக்கு விலை வைத்து விற்கிறார்கள், அது கிடைக்காது. வைக்கோலையும் சோளத்தட்டையையும் மண்ணில் பரப்பினால் மாட்டுக்கு என்ன போடுவது? அவள் கண்மாய்க்கரைக்குப் போனாள். ஆடு மாடு வாய் வைக்காத கொழிஞ்சியும் ஆவாரையும் அங்கே காடாய்க் கிடந்தன. அறுத்து, காயப் போட்டு, கட்டுக் கட்டாய்த் தலையில் சுமந்து வந்து செடிகளுக்கு இடையில் பரப்பினாள். முதலில் தண்டோடு அணைத்து மெத்தை போலக் குவித்துவிட்டாள். அந்தச் செடிகளில் நாலைந்து அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. தன்னைத்தானே திட்டிக்கொண்டு, தண்டைச் சுற்றி உள்ளங்கை அகலம் இடம் விட்டுப் பரப்பினாள். கரையான் வந்தது. சாம்பலைத் தூவினாள். மேல்கோடியில் சில வரிசைகளுக்குக் கொழிஞ்சி எட்டவில்லை. அவற்றை வெறும் மண்ணாகவே விட்டுவிட்டாள்.

பரப்பி முடித்த அன்றைக்குச் சாயங்காலம் நல்லசிவம் வரப்பில் வந்து நின்று பார்த்தார். அவர் தோட்டம் பளிச்சென்று இருக்கும். ஒரு புல் கிடக்காது, ஒரு சருகு கிடக்காது, கூட்டி வாசல் தெளித்த மாதிரி இருக்கும். வெள்ளாமை செய்கிற அந்தப் பக்கத்துச் சம்சாரிக்கு அதுதான் கௌரவம். குப்பை கிடக்கிற தோட்டம் என்றால் கேட்பாரற்ற தோட்டம் என்று பேர்.

"ஏ ஆத்தா, என்ன இது? தோட்டத்துக்கு முக்காடு போட்டுட்டியா? கட்டுனவன் சிவகாசியில உயிரோட இருக்கான், இங்கன தோட்டம் தாலியறுத்து உக்காந்திருக்கு!"

கூட இருந்த இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் காலையில் ஊருக்கே அது முக்காட்டுத் தோட்டம்.

தாலி கட்டியவன் கல்லு மாதிரி இருக்கும்போது இப்படி ஒரு பேர்! அதற்குப் பதில் சொல்லவும் அவளால் முடியாது. புருஷனோடு பிறந்த மூத்தவரிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவர் பேசலாம், கேலி செய்யலாம், ஊர் சிரிக்கப் பேர் வைக்கலாம். அவள் மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும். மரியாதை என்று அதற்குப் பெயர். இந்த மரியாதையைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாக யாருக்காவது மூத்தவனாகத்தான் பிறந்திருப்பான்.

ஆனால் மாட்டோடு பேசக்கூடாது என்று எந்த வழக்கமும் இல்லையே. பஞ்சம்மாள் தன் செவலைக் காளையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "ஏலே செவலை, கேட்டியா? மண்ணு வெயில்ல வெந்து சாகுதேன்னு ஒரு துணியப் போத்துனா, போத்துனவளப் பாத்துச் சிரிக்கிற ஊருலே இது! சிரிக்கட்டும். பங்குனி வரட்டும்லே."

பங்குனி வந்தது. நல்லசிவத்தின் பளிச்சென்ற தோட்டத்தில் பூ பூத்து, பூவிலேயே உதிர்ந்தது. பிடித்த பிஞ்சும் ஒருநாள் தண்ணீர் குடித்து மறுநாள் காய்ந்து, அடி கறுத்துப் போயிற்று. தரையில் பட்ட பழம் சுட்ட மண்ணில் வெந்து அழுகியது. பஞ்சம்மாளின் மேல்கோடி வரிசைகளிலும் அதே கதைதான். ஆனால் கொழிஞ்சி கிடந்த வரிசைகள் வேறு. வெடிப்பு இல்லை, களை இல்லை. இலை அகலமாய், கையில் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்கும் பச்சை வாசமுமாய் இருந்தது. பழங்கள் சருகு மேல் சுத்தமாய்ப் படுத்துக் கிடந்தன. வெறும் மண்ணில் ஒரு கூடை நிறைந்தால், இங்கே அதே அளவு வரிசையில் கூடை நிறைந்து மடியும் நிறைந்தது. சந்தையில் பழத்தைக் கையில் எடுத்தவர்கள் திருப்பி வைக்கவில்லை.

நல்லசிவத்தின் பெண்டாட்டி குருவம்மாள் ஒருநாள் குழம்புக்குப் பழம் கேட்டு வந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் வாய் தங்காது. செடிக்குள் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"ஏ பஞ்சம்மா, காலு குளுருதுடி! இன்னைக்கு எங்க முறை, உனக்குத் தண்ணியே பாயலையே. எங்கிட்டு இருந்து வந்துச்சு இம்புட்டு ஈரம்?"

"எங்கிட்டு இருந்தும் வரலக்கா. போகாம நின்னுச்சு, அவ்வளவுதான்" என்றாள் பஞ்சம்மாள். பெருமையாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அந்த வாயைக் கொஞ்சம் மூடியிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளுடைய முறை. விடியும்போது மாட்டைப் பற்றிக்கொண்டு போனால், கமலையில் நல்லசிவத்தின் மாடு பூட்டியாயிற்று. வாய்க்கால் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது.

பஞ்சம்மாள் செவலையின் கயிற்றை இறுகப் பிடித்தாள். "ஏலே செவலை, இன்னைக்கு யாரு முறைன்னு கேளுலே!"

நல்லசிவம் சால் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாவகாசமாய்த் திரும்பினார். "முறை உன்னுதுதான் ஆத்தா. யாரு இல்லேன்னா? ஆனா உன் மண்ணுலதான் ஈரம் நிக்குதாமே. குருவம்மா சொன்னா. தாகம் இல்லாதவளுக்கு எதுக்குத் தண்ணி? எஞ்செடி சாகுது. ஒரு முறை விட்டுக்குடுத்தா என்ன கொறஞ்சுபோவே?"

ஒரு முறை விட்டால் அது ஒரு முறையோடு நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். இந்தக் கோடையில் விட்டது அடுத்த கோடையில் வழக்கம் என்று ஆகும். அதற்கடுத்த வருஷம், தெற்குத் தோட்டத்துக்குப் பாதி முறைதான் என்று சத்தியம் செய்ய ஆள் வந்துவிடும். கிணற்றில் இருக்கிற பங்கு போனால் தோட்டம் வெறும் மானாவாரிக் காடு. கம்பு விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அன்றைக்கு வாய்க்கால் தெற்கே திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராக்கப்பன் வந்தான். விரலெல்லாம் மருந்துக் கறையோடு சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"அண்ணன் என்னைத் தோள்ல தூக்கி வளத்தவரு, பிள்ள. ஒரு முறைதானே. விட்டுத் தொலை."

"தோள்ல தூக்கிட்டுப் போனது ஒங்கள. நான் எஞ்செடியத் தலையில சொமந்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, குழம்புச் சட்டியை அவனுக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். "ஊரைக் கூட்டுங்க. இல்லாட்டி நானே கூட்டுதேன்."

ஊர்ப் பெரியவர் கருப்பணன் இன்னும் சில பேரோடு தோட்டத்துக்கே வந்தார். நல்லசிவம் முந்திக்கொண்டார். கையில் இருந்த கம்பால் கொழிஞ்சியைக் கிளறிவிட்டு, "பாருங்க, கைய வச்சுப் பாருங்க" என்றார். ஆளாளுக்குக் குனிந்து மண்ணைத் தொட்டார்கள். அப்புறம் வடக்கே போய் வெடித்த மண்ணைப் பார்த்தார்கள்.

பஞ்சம்மாள் ஒரு பக்கமாய்த் திரும்பி நின்று கருப்பணனிடம் சொன்னாள்: "மாமா, அந்த ஈரம் கெணத்துல கூடுதலா எடுத்ததில்ல. கண்மாய்க்கரையில இருந்து நாஞ் சொமந்து வந்து போட்டதால நின்ன ஈரம். எம்பாட்டுல வந்தது. அதுக்காக எந்தண்ணியப் புடுங்குனா எப்படி?"

ராக்கப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கருப்பணன் தாடையைச் சொறிந்தார். "பாடு உன்னுதுதாம்மா. ஆனா தண்ணி பொதுவாச்சே. ஈரம் இருக்கிற மண்ணு, ஈரம் இல்லாத மண்ணுக்கு விட்டுக்குடுக்கணும். அதுதான் ஞாயம். வெயில் தணியிற மட்டும் உன் முறையில பாதி அண்ணனுக்கு. என்ன ராக்கப்பா?"

ராக்கப்பன் தலையாட்டினான். பஞ்சம்மாள் அந்தத் தலையையே பார்த்தாள். அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள், அதுவும் டணார் என்று சத்தம் வர.

பாதித் தண்ணீரில் சித்திரை பிறந்தது. மேல்கோடி வரிசைகள், பாவம், காயோடு செத்தன. கொழிஞ்சி கிடந்த வரிசைகள் மத்தியானத்தில் கொஞ்சம் சோர்ந்து, சாயங்காலம் நிமிர்ந்தன. பழம் கொஞ்சம் சிறுத்தது. ஆனால் காய்ப்பு நிற்கவில்லை. பஞ்சம்மாள் ஒவ்வொரு பழத்தையும் பறிக்கும்போது நல்லசிவத்தின் காதைத் திருகுவதாக நினைத்துத்தான் திருகினாள். அவருக்கு முழு முறையும் அதற்கு மேல் பாதியும் கிடைத்தும், விட்ட தண்ணீரெல்லாம் வெடிப்பு வழியே பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள், மடை திருப்பக் கூலிக்கு வருகிற மூக்கம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "எக்கா, வடக்குத் தோட்டத்த வந்து பாரேன்! நீ இருக்கங்குடி கோயில்ல நாலஞ்சு நாளு தங்கிட்டு வந்தேல்ல, அந்நேரம் வண்டியில கொழிஞ்சி வந்து எறங்குச்சு. தோட்டம் பூராவும் பரப்பிட்டாக. ரெண்டு மூணு முறை தண்ணியும் பாஞ்சிருச்சு. இன்னைக்கு வெளியூரு ஆளுகளெல்லாம் வந்து வேடிக்கை பாக்குறாக."

"என்னன்னு சொல்றாக அதை? முக்காடுன்னா?"

மூக்கம்மாள் விழித்தாள். "இல்லக்கா. மூடாக்காம்."

பஞ்சம்மாள் கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தாள். வடக்கு வரப்பில் போய் நின்றாள். நல்லசிவம் தோளில் துண்டோடு நடுத் தோட்டத்தில் நின்று, கருப்பணனுக்கும் தாயில்பட்டியிலிருந்து வந்திருந்த இரண்டு சம்சாரிகளுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

"மானத்துல மேகம் மூடாக்குப் போட்டா மண்ணு குளுருதா இல்லையா? அதே கணக்குதான். மழைக்கு முன்னால போடுற மூடாக்கை நாம மண்ணு மேல போடுறோம். இதுக்குப் பேரு மூடாக்கு. ரொம்ப நாளா எம் மனசுல இருந்த யோசனை. செடியப் பாருங்க, தெளிஞ்சு வருது. தண்டுல மட்டும் ஒட்டாமப் போடணும், அழுகிரும்."

தண்டில் ஒட்டாமல் போட வேண்டுமாம்! நாலைந்து செடியைச் சாகக் கொடுத்து அவள் கற்றுக்கொண்டதை, அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொல்கிறார். அவள் போட்டால் முக்காடு, தாலியறுத்த கோலம். அவர் போட்டால் மூடாக்கு, மழைக்கு அச்சாரம். பஞ்சம்மாளுக்கு மூக்கு நுனி சிவந்தது. பேர் போனால் போகட்டும் என்று அவளால் விட முடியவில்லை. ஆனால் அந்தக் கோபத்திலேயே இன்னொன்றும் பளிச்சென்று பட்டது. அவர் மண்ணிலும் இப்போது ஈரம் நிற்கிறது.

வரப்பைத் தாண்டி இறங்கினாள். ஒதுங்கி நிற்கவில்லை. நேரே நடுத் தோட்டத்துக்குப் போய், கொழிஞ்சியை விலக்கி, கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"மாமா, கைய நீட்டுங்க."

கருப்பணன் என்னவோ என்று நீட்டினார். அவர் உள்ளங்கையில் அந்த மண்ணை வைத்து அழுத்தினாள்.

"ஈரம் இருக்கா?"

"இருக்கும்மா."

"இன்னைக்கு யாரு முறை?"

"உன் முறைதான்" என்றார் ஒருவர்.

"அப்ப நேத்துப் பாஞ்ச ஈரம் இன்னும் நிக்குது. ஈரம் இருக்கிற மண்ணு, இல்லாத மண்ணுக்கு விட்டுக்குடுக்கணும். ஞாயம்னு சொன்னீகள்ல? எம் மேக்கோடி வந்து பாருங்க, அங்கன மண்ணுல ஈரமும் இல்ல, செடியில உசுரும் இல்ல. எங்கிட்டப் புடுங்குன பாதிய நான் கேக்கல மாமா. அவுக முறையில பாதி எனக்கு வேணும்."

நல்லசிவத்துக்கு முகம் கறுத்தது. "என்ன பேச்சுப் பேசுதா இவ! வண்டி வச்சு, ஆள வச்சு, பாடுபட்டுக் கொண்டாந்து போட்டது நானு! அதனால நின்ன ஈரம்! எம்பாட்டுல வந்த ஈரத்துக்கு எந்தண்ணியப் புடுங்குறதா? எந்த ஊரு ஞாயம் இது?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. தாயில்பட்டிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மற்றவர்களுக்குப் புரிந்தது. யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். அது குருவம்மாள்.

பஞ்சம்மாள் திரும்பினாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மச்சான்" என்றாள். "இதத்தானே நான் அன்னைக்குச் சொன்னேன்? இதே வார்த்தை. மாட்டுகிட்டயும் சொன்னேன், மாமாகிட்டயும் சொன்னேன். மாட்டுக்கு மட்டும்தான் வெளங்குச்சு."

நல்லசிவம் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள். அவர்தான் வேறு பக்கம் பார்த்தார்.

"இன்னொண்ணு மச்சான். பேரு நீங்க வச்சதுதான். எந்தோட்டத்துக்கு முக்காடுன்னா ஒங்க தோட்டத்துக்கும் முக்காடுதான். இல்ல, மூடாக்குன்னா ரெண்டுக்கும் மூடாக்கு. எதுன்னு நீங்களே ஊருக்குச் சொல்லிருங்க. நான் எதுக்கும் தயார்."

கருப்பணன் கையில் இருந்த மண்ணை உதிர்க்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். கடைசியில் கீழே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "பழையபடி ஒருநாள் உனக்கு, ஒருநாள் அவருக்கு. மண்ணு ஈரத்தை இனிமே யாரும் தொட்டுப் பாக்கவேணாம்" என்றார். அப்புறம், "ரெண்டும் மூடாக்குதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பஞ்சம்மாளுக்கு அதில் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று சாயங்காலம் செத்துப் போன மேல்கோடிச் செடிகளைப் பிடுங்கும்போது, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டேதான் பிடுங்கினாள். ஒன்று நல்லசிவம், ஒன்று கருப்பணன். வேர் லேசில் வராமல் அடம்பிடித்த ஒன்றுக்கு ராக்கப்பன் என்று பேர். பிடுங்கியதையெல்லாம் காய வைத்து, உயிரோடு இருந்த செடிகளுக்கு நடுவே பரப்பினாள்.

அவளுடைய அடுத்த முறை வந்தது. விடியும் முன்பே கமலையைப் பூட்டிவிட்டாள். சால் தளும்பி மேலே வந்தது, வாய்க்கால் தெற்கே ஓடியது. வடக்கு வரப்பில் செருப்புச் சத்தம் கேட்டது. நல்லசிவம். வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, செவலைக் காளையின் முதுகைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"ஏலே செவலை, கெணத்துல மிச்சத் தண்ணி இருந்தா எங்களுக்குக் கொஞ்சம் விடுவாகளான்னு கேளுலே."

பஞ்சம்மாள் மாட்டை நிறுத்தவில்லை. சால் தண்ணீரை ஊற்றினாள், மாட்டைப் பின்னுக்கு நடத்தினாள், அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"நாளைக்கு ஒங்க முறை மச்சான். இன்னைக்கு எம்முறை."